ராமேஸ்வரத்தை மேலிருந்து பார்க்க எங்கே ஏறலாம்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மலை கிடையாது. கண்மாய்க் கரை, பனை உச்சி, கோயில் கோபுரம், இவைதான் எங்கள் பக்கத்து உயரங்கள். மலை ஏறியே ஆகவேண்டும் என்பவர்கள் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் பிரான்மலைக்கோ குன்றக்குடிக்கோ போகவேண்டும். அங்கிருந்து கடல் தெரியாது. ஆனாலும் ராமேஸ்வரம் வருகிறவர்கள் நிறையப் பேர் கேட்கும் கேள்வி இது: ஊரையும் கோபுரத்தையும் கடலையும் ஒன்றாக மேலிருந்து பார்க்க எங்கே போவது?

ஆட்டோக்காரரைக் கேட்டால் ராமர் பாதம் என்பார். லாட்ஜில் கேட்டால் எங்கள் மொட்டை மாடியிலேயே தெரியுமே என்பார்கள். யூடியூபில் தேடினால் பாம்பன் பாலம் வரும். போன வருடம் வந்துவிட்டுப் போன சித்தப்பா தனுஷ்கோடி கலங்கரை விளக்கத்தைச் சொல்வார். நான்கு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் நான்கு இடத்திலிருந்தும் தெரிவது ஒரே காட்சி இல்லை. ஒன்றில் ஊர் தெரியும், ஒன்றில் துறைமுகம் தெரியும், ஒன்றில் மண்ணும் கடலும் மட்டும் தெரியும். இருக்கும் ஒரு சாயங்காலத்தை எதற்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ராமர் பாதம்

கந்தமாதன பர்வதம் என்பது கோயிலிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் இருக்கும் ஒரு மணல் மேடு. தீவிலேயே உயரமான இயற்கை மேடு இதுதான். மேலே இரண்டு அடுக்கு மண்டபம், அதற்குள் ஒரு சக்கரத்தின் மேல் ராமர் பாதச் சுவடு. அனுமன் இலங்கைக்குத் தாவியது இங்கிருந்துதான் என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. படிகள் அதிகமில்லை. முட்டி வலி உள்ளவர்கள்கூட நிதானமாக ஏறிவிடலாம்.

பொதுவாக எல்லோரும் இங்கே வருவது ஆட்டோவில். 'லோக்கல் சைட்' என்று பேசி ஏற்றிக்கொண்டு ஏழெட்டு இடங்களைக் காட்டுவார்கள். அதில் இதற்குக் கிடைப்பது பத்து நிமிடம், மிஞ்சினால் கால் மணி. பாதத்தைக் கும்பிட்டு, ஒரு சுற்று பார்த்து, ஒரு படம் எடுத்துவிட்டு இறங்கவேண்டியதுதான். அப்படிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் "அங்கே ஒண்ணும் பெரிசா இல்லையே" என்று சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அந்த இடம் நடந்து போகிறவர்களுக்கானது.

கோயிலிலிருந்து கிளம்பினால் நிதான நடையில் முக்கால் மணி நேரம் ஆகும். வழியில் சுக்ரீவர் தீர்த்தமும் சாட்சி அனுமன் கோயிலும் வரும். கடைத்தெரு நெரிசல் முடிந்ததும் சாலையின் இரண்டு பக்கமும் பனையும் உடை மரமும்தான். உச்சி தட்டையாக, குடை விரித்த மாதிரி நிற்கும் இந்த உடை மரத்தைத் தீவு முழுக்கப் பார்க்கலாம். நிழல் குறைவு. மணல் சாலையோரத்துக்கு ஏறி வந்திருக்கும். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்களுக்கு இது ஒரு கடல்தீவு என்பது கால் வழியாகத் தெரிய வருவது இந்த நடையில்தான்.

மேல் அடுக்கில் நின்று தென்கிழக்கே திரும்பினால் ஊர். கோயிலின் கிழக்குக் கோபுரம் 126 அடி, மேற்குக் கோபுரம் 78 அடி. நீங்கள் நிற்பது வடமேற்கில் என்பதால் குட்டைக் கோபுரம் கிட்டத்திலும் நெட்டைக் கோபுரம் அதற்கு அப்பாலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பரந்து கிடக்கும் அந்தக் கூரைப் பரப்புக்குக் கீழேதான் நீங்கள் காலையில் ஈரத்துணியோடு நடந்த பிரகாரங்கள் இருக்கின்றன. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட தூண்கள் நிற்கும் மூன்றாம் பிரகாரத்தில் நடக்கும்போது அதன் நீளம்தான் தெரியும். ஊருக்குள் அந்தக் கோயில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது இங்கே நின்றால்தான் பிடிபடும். நான்கு ரத வீதிகளும் அதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. கொஞ்சம் வெளியே பள்ளிவாசல் தெரு. 1931-இல் பிறந்த ஒரு பையன் அங்கிருந்து கிளம்பிக் குடியரசுத் தலைவர் மாளிகை வரை போனான் என்று சொன்னால் கூட வரும் பிள்ளைகள் அந்தத் திசையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பார்கள்.

கோபுரங்களைவிடப் பல மடங்கு உயரமாக நிற்பது தொலைக்காட்சிக் கோபுரம். உயரம் ஏறத்தாழ 323 மீட்டர். நாட்டின் மிக உயரமான கோபுரங்களில் ஒன்று. படத்தில் அது விழக்கூடாது என்று சிலர் நகர்ந்து நகர்ந்து நிற்பார்கள். நான் அதை ஒதுக்கவேண்டாம் என்பேன். இலங்கையை எட்டிப் பார்க்கும் இந்த முனைக்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு கோபுரம் சொல்லிவிடும். வடக்கே பாக் நீரிணை. மேற்கே தங்கச்சிமடம் பக்கம் வரைக்கும் தென்னையும் பனையும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை சாயங்காலம்தான் சரி. வெயில் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து ஊர் மேல் விழும், கோபுரத்துச் சுதைகளின் நிறம் துலக்கமாகத் தெரியும். காலையில் சூரியன் கோபுரத்துக்குப் பின்னாலிருந்து வருவதால் எல்லாமே கறுப்பு வடிவங்கள்தான். அது அழகில்லை என்று சொல்லவில்லை. ஊரைப் பிரித்துப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். மத்தியானம் வேண்டவே வேண்டாம். மேலே செருப்பைக் கழற்றவேண்டும், கல் கொதிக்கும்.

டிசம்பர், ஜனவரியில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் விழுந்துவிடும். ஜூனில் ஆறரை தாண்டும். அதைக் கணக்கு வைத்து ஒன்றரை மணி நேரம் முன்னால் கோயில் பக்கத்திலிருந்து நடையைத் தொடங்குங்கள். திரும்பும்போது ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். போகும்போது ஆட்டோ, வரும்போது நடை என்று மாற்றவேண்டாம். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும்.

பாம்பன் சாலைப் பாலம்

அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலத்தை 1988 அக்டோபர் 2-இல் திறந்து வைத்தார்கள். நீளம் 2.345 கிலோமீட்டர். கப்பலும் படகும் அடியில் போகவேண்டும் என்பதற்காக நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அந்த நடு உயரம்தான் இங்கே மலை உச்சி. ஊரிலிருந்து 12 கிலோமீட்டர் வரவேண்டும். ராமநாதபுரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது வழியிலேயே இருக்கிறது.

இங்கிருந்து கோயில் தெரியாது, எதிர்பார்க்காதீர்கள். தெரிவது பாம்பன். ரயில் பாலம், பாம்பன் கலங்கரை விளக்கம், கரையை ஒட்டிப் படகுகள், ஓட்டு வீடுகளும் தென்னையும். தெற்கே குருசடைத் தீவுப் பக்கம் மன்னார் வளைகுடா. அங்கிருந்து தூத்துக்குடி வரை சங்கிலியாகப் போகும் 21 தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. தண்ணீர் ஆழமில்லாத இடத்தில் பச்சையாகவும் ஆழத்தில் நீலமாகவும் தெரியும். அடியில் பாறை இருக்கும் இடம் கரும்பழுப்பாகத் தெரியும். கடலடியின் அமைப்பை நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். ராமர் பாதத்திலிருந்து கடல் ஒரு பட்டைதான், இங்கே கடல்தான் காட்சி.

இதோடு ரயில். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் போக்குவரத்து நின்றது. அதற்குப் பக்கத்திலேயே கட்டிய புதிய பாலத்தை 2025 ஏப்ரல் 6-இல் திறந்தார்கள். பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கையாகப் பிரிந்து மேலே எழுந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே நெட்டுக்குத்தாக மேலே போகிறது. கப்பல் போகும் நாளில் சாலைப் பாலத்தின் கைப்பிடியோரம் கூட்டம் நின்றுவிடும். அன்று வாய்த்தால் விடாதீர்கள். வாய்க்காவிட்டாலும் ராமேஸ்வரம் வந்துபோகும் ரயிலின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனால், கடல்மேல் ரயில் ஊர்ந்து வருவதை உயரத்திலிருந்து பார்க்க தமிழ்நாட்டில் இதற்கு ஈடான இடம் கிடையாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் கரையை ஒட்டிப் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். மேலிருந்து பார்க்கிறவருக்கு நிறம் நிறமாக அழகாக இருக்கும். ஆனால் அது வருமானம் இல்லாத இரண்டு மாதம் என்பதையும் மனதில் வைத்துப் பாருங்கள். நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும்.

இப்போது குறை. பாலத்தின் மேல் வண்டி நிறுத்த அனுமதி இல்லை. நிறுத்துகிறார்கள், போலீஸ் வந்து விரட்டுகிறது, அதற்குள் ஒருவர் கதவைத் திறக்க, பின்னால் பேருந்து வேகமாக வருகிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பாலம் தொடங்கும் இடத்துக்கு முன்பே வண்டியை ஓரமாக விட்டுவிட்டு நடைபாதையில் நடந்து போங்கள். சின்னப் பிள்ளைகளின் கையை விடவேண்டாம். கைப்பிடிக்கு அப்பால் தண்ணீர், இப்பால் லாரி. காற்று தொப்பியையும் துப்பட்டாவையும் பிடுங்கும், கைப்பேசியை நீட்டிப் பிடித்தால் அதையும். வயதானவர்களை நடுவரைக்கும் நடத்திக் கூட்டிப்போவது சிரமம். நிற்க நிழலோ உட்கார இடமோ கிடையாது. மொத்தத்தில் பாலம் கால் மணி நேரக் காட்சி. ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்காக அரை நாள் பயணம் செய்தாலும் தகும்.

தனுஷ்கோடி கலங்கரை விளக்கம்

உண்மையான உயரம் வேண்டும் என்றால் இதுதான். அரிச்சல்முனை போகும் சாலையில் சில ஆண்டுகளுக்கு முன் கட்டியது, உயரம் ஐம்பது மீட்டரை ஒட்டி வரும். ராமர் பாத மேட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது.

மேலே போனதும் முதலில் உறைப்பது நிலம் எவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்பது. சாலையில் வரும்போது ஒரு பக்கம் கடல் தெரியும், கொஞ்சம் கழித்து மறுபக்கம் தெரியும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பார்வையில் விழும். வடக்கே பாக் நீரிணை, இங்குள்ளவர்கள் பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். வருடத்தின் பெரும்பகுதியில் வடக்கே தண்ணீர் அசையாமல் கிடக்க, தெற்கே அலை வரிசையாக வந்து உடையும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடலும் பொங்கும். நடுவில் ஒரு மணல் பட்டை, அதில் ஒரு தார்ச்சாலை. கிழக்கே சாலை அரிச்சல்முனையில் முடிகிறது. அதற்கு அப்பால் மணல் திட்டுகள், அவற்றுக்கும் அப்பால் ஏறத்தாழ 29 கிலோமீட்டரில் தலைமன்னார்.

இந்த மணல் பட்டையின் மேல் ஒரு ஊர் இருந்தது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்த ஊர். சென்னையில் டிக்கெட் எடுத்து ரயிலில் தனுஷ்கோடி வந்து, கப்பல் மாறி தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போய்ச் சேர்ந்த காலம் அது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் அதை முடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் அடித்துப் போனது, அதில் இருந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. மீன்பிடிக் குடும்பங்கள் மட்டும் குடிசை போட்டு இன்றைக்கும் இருக்கின்றன. இடிந்த மாதா கோயில் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் கீழே நின்று பார்த்தால் வெறும் இடிபாடுகள். விளக்கத்தின் மேல் நின்று அந்தத் திசையைப் பார்க்கும்போதுதான், இவ்வளவு ஒல்லியான நிலத்தில் அத்தனை பெரிய ஊர் எப்படி இருந்தது, அன்று இரவு ஓட எந்தப் பக்கம் இடம் இருந்தது என்ற கேள்வி நெஞ்சில் அடிக்கும். பழைய ஊரை மேலிருந்து பார்க்கவேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு, இல்லாமல் போன இந்த ஊரையும் நான் காட்டத்தான் நினைப்பேன்.

மழை முடிந்த மாதங்களில் போனால் இன்னொரு லாபம் உண்டு. சாலையோரத்து உப்பங்கழிகளில் பூநாரைகள் இறங்கியிருக்கும். இந்தப் பகுதியைத் தமிழ்நாடு அரசு 2025-இல் பூநாரைகள் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. கீழே நின்றால் தூரத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும். உயரத்திலிருந்து பார்த்தால் கூட்டம் எந்தக் கழியில் இறங்கியிருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். பைனாகுலர் இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள். பறவை பறக்கவேண்டும் என்று கழிக்குள் இறங்கிக் கத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து இரை தேடும் உயிரை அப்படி விரட்டாதீர்கள்.

ஆனால் இங்கிருந்து ராமேஸ்வரம் ஊரைப் பார்ப்பது என்ற ஆசையை விட்டுவிடவேண்டும். ஊர் கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் பின்னால் இருக்கிறது. தெளிந்த நாளில் தொலைக்காட்சிக் கோபுரத்தை ஒரு குச்சியாகக் கண்டுபிடிக்கலாம், தெருக்கள் கிடையாது. இன்னொன்று நேரம். கலங்கரை விளக்கத்துக்குள் குறித்த நேரத்தில்தான் விடுவார்கள், சாயங்காலம் ஆனதும் தனுஷ்கோடிச் சாலையில் வண்டிகளை உள்ளே அனுப்புவதும் நின்றுவிடும். சூரியன் விழுவதை மேலிருந்து பார்க்கலாம் என்ற கணக்கோடு போனால் ஏமாற்றம்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பி, கோதண்டராமர் கோயிலில் இறங்கிப் பார்த்துவிட்டு, மூன்று மணி வாக்கில் விளக்கத்துக்கு வந்துவிடுவது நல்லது. அந்தக் கோயில் 1964 புயலிலும் நின்றது. கூடாரக் கடைகளில் அன்று பிடித்த மீனைப் பொரித்துத் தருவார்கள். விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடி

சன்னதித் தெரு, ரத வீதிப் பக்கத்து லாட்ஜ்களில் தங்கினால் மொட்டை மாடிக்குப் போக அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள். செலவு இல்லை, நடை இல்லை, லிஃப்ட் இருந்தால் படியும் இல்லை. கிழக்குக் கோபுரம் கையால் தொடும் தூரத்தில் நிற்கும். மறுபக்கம் அக்னி தீர்த்தம். விடியற்காலையில் சூரியன் கடலிலிருந்து நேராக வரும், கீழே ஈரத்துணியோடு ஆட்கள் கடலுக்கும் கோயிலுக்கும் போய்வந்துகொண்டிருப்பார்கள். ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு ஐந்து மணிக்கே போய்விட்டு வந்து, இருபத்திரண்டு தீர்த்தம் ஆடப் போகிறவர்கள் வரும்வரை காத்திருக்கும் பாட்டிக்கும் இந்த மாடி போதும்.

ஆனால் மாடியிலிருந்து ஊருக்குள் இருந்துகொண்டே ஊரைப் பார்க்கிறோம். தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆண்டெனா, காயப்போட்ட வேட்டி எல்லாம் நடுவில் வரும். தீவு என்பதே தெரியாது. காலைக் காட்சிக்கு முதல் இடம், முழுக்காட்சிக்குக் கடைசி இடம்.

கீழக்கரையை ஏன் சொல்கிறேன்

பழைய கடற்கரை ஊர் என்றால் ராமேஸ்வரம் மட்டும்தானா என்று கேட்பவர்கள் உண்டு. கீழக்கரை அதைவிட நெருக்கமான, வணிகத்தால் வளர்ந்த ஊர். சீதக்காதி வள்ளலின் ஊர். அங்கே உள்ள பழைய ஜும்மா பள்ளியின் கல் தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபத்தைச் செதுக்கிய கைகள்தான் இதையும் செதுக்கியிருக்கும் என்று தோன்றும். குறுகலான தெருக்கள், உயர்ந்த சுவர்கள், மரவேலை செய்த பெரிய கதவுகள். ஏற ஒரு மேடு கிடையாது. பதிலுக்குக் கடலுக்குள் நீளும் ஜெட்டிப் பாலத்தில் நடந்துபோய், முனையில் திரும்பி நின்று ஊரைப் பாருங்கள். உயரத்துக்குப் பதிலாகத் தூரம். மினாரும் தென்னையும் வீடுகளும் ஒரே வரிசையில் கரையில் நிற்கும். கப்பலில் வந்த வணிகர்கள் முதலில் பார்த்தது இந்தப் பக்கத்தைத்தான். தெருக்களில் வீட்டுப் பெண்கள் இருக்கும் பகுதிகளில் கேமராவை நீட்டாதீர்கள்; கேட்டுவிட்டு எடுத்தால் உள்ளே கூப்பிட்டு உபசரிக்கிற ஊர் அது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்களிடம் ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது, ஊரைப் பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்றால் தயங்காமல் ராமர் பாதம், நடந்து. உயரத்தில் அது தோற்றுவிடும். பாம்பன் கடலின் நிறமும் அங்கே இல்லை, தனுஷ்கோடியின் அகலமும் இல்லை. ஆனால் நீங்கள் காலையில் நடந்த தெருக்களை மாலையில் மேலிருந்து அடையாளம் காட்ட முடிகிற ஒரே இடம் அதுதான். அதனால் வரிசையும் முக்கியம். முதலில் கோயிலையும் ரத வீதிகளையும் அக்னி தீர்த்தக் கரையையும் கால் நோக நடந்து பாருங்கள். அப்புறம் ஏறுங்கள். வந்து இறங்கியதும் நேராக மேட்டுக்குப் போய்விட்டு, பிறகு ஊரைப் பார்த்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. கோபுரத்தின் உயரமும் பிரகாரத்தின் நீளமும் உடம்புக்குத் தெரிந்த பிறகு பார்க்கும் காட்சி வேறு.

நடக்க முடியாத அப்பா அம்மாவோடு வருகிறீர்களா? விடியற்காலை லாட்ஜ் மாடி, சாயங்காலம் ஆட்டோவில் ராமர் பாதம். ஆட்டோ பேசும்போதே அரை மணி நேரம் நிற்கவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஏழெட்டு இடம் என்ற பேக்கேஜை விட்டுவிட்டு இரண்டு இடம் போதும் என்று பேசினால் ஓட்டுநருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. பாலத்தில் வயதானவர்களை இறக்கவேண்டாம். ராமேஸ்வரத்துக்கு ரயிலிலேயே வந்தால் பாம்பன் கடலை அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். அது சாலைப் பாலத்துக் காட்சியைவிட எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நான் தனுஷ்கோடியைச் சொல்வேன். பள்ளிப் புத்தகத்தில் தீபகற்பம், நீரிணை, வளைகுடா என்று படித்துப் பொருள் பிடிபடாத எல்லாமும் அந்த உச்சியில் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். வாடகை வண்டிச் செலவு அதிகம்தான். பேருந்தும் உண்டு, கூட்டமாக இருக்கும். படி ஏற முடியாதவர் கூட இருந்தால், மேலே எப்படிப் போவது என்று கீழே வாசலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு டிக்கெட் எடுங்கள்.

படம் எடுப்பதற்காகவே வருகிறவர்களுக்குப் பாம்பன். மற்ற மூன்று இடத்திலும் காட்சி நின்ற நிலையில் இருக்கும். இங்கே ரயில், படகு, அலை, மேகத்தின் நிழல் என்று எப்போதும் ஏதாவது நகர்ந்துகொண்டிருக்கும். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். அந்த நேரத்தில் போக்குவரத்தும் குறைவு, படகுகள் திரும்பும் நேரமாகவும் இருக்கும்.

இரண்டு நாள் இருந்தால் எதையும் விடவேண்டியதில்லை. ராமநாதபுரத்திலிருந்து காலையில் வரும்போதே பாலத்தில் நடந்துவிடுங்கள். அன்று கோயிலும் தெருக்களும், சாயங்காலம் ராமர் பாதம். மறுநாள் விடியலை மாடியில் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு மேல் தனுஷ்கோடி. திரும்பும் வழியில் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம், பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகால். 1897 ஜனவரி 26-இல் விவேகானந்தர் மேலை நாடுகளிலிருந்து திரும்பிக் கரையேறிய இடம் குந்துகால். உயரம் எதுவும் இல்லை, கடலை நேர்க்கோட்டில் பார்க்கலாம். கீழக்கரையை இதே பயணத்தில் திணிக்காமல் உத்தரகோசமங்கை, திருப்புல்லாணியோடு சேர்த்துத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

மாதம் பார்த்து வருவதாக இருந்தால் ஜனவரி முதல் மார்ச் பாதி வரை. மழை நின்று காற்று தெளிந்திருக்கும், பறவைகளும் இருக்கும், சாலையோரம் பனங்கிழங்கு கிடைக்கும். ஏப்ரல், மே வெயிலில் ராமர் பாதத்துக்கு நடப்பதானால் ஐந்து மணிக்கு முன் கிளம்பவேண்டாம். பதநீர் இறக்கும் காலம் அது, வழியில் கண்டால் குடித்துவிட்டு நடங்கள். ஜூன் முதல் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும். தனுஷ்கோடியில் கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் நிற்க முடியாது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்தால் தனுஷ்கோடியை உடனே கைவிட்டுவிடுங்கள். அந்தச் சாலையில் ஒதுங்க இடம் கிடையாது. தை, ஆடி, மகாளய அமாவாசை நாட்களில் காட்சி பார்க்க வராதீர்கள். திதி கொடுக்க வரும் கூட்டத்துக்கே ஊரில் இடம் போதாது, பாலத்திலிருந்தே வண்டிகள் வரிசையில் நிற்கும்.

எங்கே ஏறினாலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஆளுக்கு வேண்டும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். ராமர் பாத மேட்டில் வீசியது மணலுக்குள் புதையும், பாம்பனிலும் தனுஷ்கோடியிலும் வீசியது அன்றைக்கே கடலுக்குப் போய்விடும்.